எட்டு மில்லிமீட்டர்

அறுபது என்று காட்டியது கலிப்பர்.
வாங்கி வந்த திராட்டில் பாடியின் வாய் அறுபத்தெட்டு.
நடுவில் நின்ற எட்டும்
அலுமினியமாக இருந்தது.

நோபிள் பார்க்கில் அன்று நாற்பத்தொரு பாகை.
கராஜ் கதவை அரைவாசி இறக்கிவிட்டு
இன்டேக் மேனிஃபோல்டைத் துவாயில் கிடத்தினேன்.
நிசானின் தலையில் திறந்து கிடந்த
நான்கு துளைகளிலும் ஜெயரூபனின் பழைய காலுறைகள்.

வெட்ட வேண்டிய ஓரத்தில் ஊதா மார்க்கர் பூசி
ஊசியால் வட்டம் கீறினேன்.
காஸ்கெட் மாதிரிக்கு வீட்பிக்ஸ் பெட்டி.
நாலு போல்ட் துளையில் மூன்று பொருந்தின,
நாலாவது கோபித்துக்கொண்டு தள்ளி நின்றது.
இன்னொரு பெட்டி காலியாக வேண்டுமென்று
மூன்று இரவும் அதையே சாப்பிட்டோம்.

அடுத்த வீட்டு சோபால் கிரைண்டரைத் தந்தான்.
"கழற்றியதைத் திரும்பப் பூட்டலாம்,
அரைத்ததை?" என்றான்.
பதிலுக்கு நிற்காமல் மாங்காய் வெட்டப் போனான்.

அலுமினியம் மெத்தனமான உலோகம்.
இரும்பைப் போல எதிர்த்துப் பேசாது.
பல்லிடுக்கில் அப்பிக்கொண்டு
வெட்டுகிற பல்லையே மழுங்கடிக்கும்.
நிமிடத்துக்கு ஒருதரம் மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு
ஒரு பகல் முழுக்க அரைத்தேன்.
வெள்ளிப் பொடி புருவத்தில், தாலிக்கொடியில்,
ஆறிப்போன தேநீரின் ஆடையில்.

ஓரிடத்தில் மயிரிழை கூடப் போய்விட்டது.
விரலை உள்ளே விட்டுத் தடவினேன்.
சுவர் அங்கே தகரமாய் மெலிந்து
வெளிச்சத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது.
எபோக்சி குழைத்து வெளிப்புறம் அப்பினேன்.
இருபத்துநாலு மணித்தியாலம் என்றது டியூப்.
பதினாறில் பூட்டினேன்.
பொறுமை இருந்தால் நான் ஏன் பெரிய வாய் தேடுகிறேன்?

சாவி.
எஞ்சின் பிடித்தது, இறங்க மறுத்தது.
ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம், மறுபடி ஆயிரத்து ஐந்நூறு,
வங்கிக் கடிதம் வந்த வீட்டில்
இரவெல்லாம் நடக்கிற ஆளைப் போல.
எங்கோ காற்று களவாக உள்ளே போகிறது.
எபோக்சியைச் சந்தேகித்தேன். அது குற்றமற்று இறுகியிருந்தது.

ஜெயரூபன் சாரத்தோடு வந்தான்.
அவனுக்கு வலக்காது கேளாது.
எந்த நாள், எந்த இடம் என்று நாங்கள் கதைப்பதில்லை.
மிச்சமிருக்கும் காதை பொனெட்டுக்குள் சாய்த்து
கோயிலில் கூட நிற்காத நேரம் நின்றான்.
"ஃபேன் சத்தத்தை விடு. பெல்ட்டையும் விடு.
அதுக்குக் கீழ, பின்பக்கம், ஒண்டு சீறுது."

கார்ப் கிளீனரை அங்கே ஒரு துளி தெளித்தேன்.
எஞ்சின் தடுமாறி ஒரு மூச்சை விழுங்கியது.
அதேதான். கோபித்துக்கொண்ட நாலாவது போல்ட்.

துளையை நீள்வட்டமாக அராவி
புது காஸ்கெட் வெட்டிப் பூட்டிய இரவு
முள் எண்ணூறில் வந்து அமர்ந்தது.
அமர்ந்ததை நம்பாமல் கொஞ்ச நேரம் பார்த்திருந்தோம்.

"இப்ப வேகமோ?" என்று வேலிக்கு மேலால் சோபால்.
என்ன சொல்வது?
ஐயாயிரம் சுற்றுக்கு மேலேதான் அது வாய் திறக்கிறது.
கீழே முன்பைவிட மந்தம்.
பாண் ஃபேக்டரிக்குப் போகும் வழியில் பதினொரு சிக்னல்,
மூவாயிரத்தைத் தாண்டியதே இல்லை.

சனிக்கிழமை விடிகாலை, இரவு ஷிஃப்ட் முடித்து
என்னைக் கூப்பிட வந்தவனைப் பக்கத்து சீட்டில் ஏற்றி
நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.
இந்த நாட்டு வண்டியில் என் பக்கம் வருவது
எப்போதும் அவனுடைய கேளாத காது.
அதனால் பயணங்களில் நாங்கள் பேசிப் பழகவில்லை.

ஈஸ்ட்லிங்க் ஏறுபாதை வெறுமையாகக் கிடந்தது.
இரண்டாம் கியரில் மிதித்தேன்.
நாலாயிரம். நாலாயிரத்து எண்ணூறு.
பிறகு அது, அந்த எட்டு மில்லிமீட்டர்,
தொண்டையைத் திறந்தது.

அவன் பெல்ட்டை இழுத்துக்கொண்டு
முழு உடம்பையும் திருப்பி
இடக்காதை என் பக்கம் கொண்டுவந்தான்.
"என்ன சொன்னனீ?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பின்னால் வந்த லொறி லைட் அடித்தது.